கவுச்சி

எங்க ஆயாவுக்கு வருசத்துல ஒரே ஒரு நாள்தான் லீவு. ஆடி மாசம் குப்பத்துல கூழ் ஊத்துற ஞாயித்துக்கிழமை. மத்த நாளெல்லாம் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, கோட்டூர்புரம் ஆத்தோரக் குடிசையிலிருந்து கடற்கரைக்கு நடந்து போகும். ஏலம் முடிந்து கூறு போட்ட மீனைக் கடனுக்கு வாங்கும். அன்னக்கூடையில் அடுக்கி, பழம்புடவையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, வந்த வழியே திரும்பி நடக்கும். காரப்பொடி, கவலை, நெத்திலி, கொஞ்சம் சங்கரா. வஞ்சிரம் எல்லாம் ஆயா கூடைக்கு வராது. அதை வாங்குகிற கை வேறு, விற்கிற கையும் வேறு.

குப்பத்தின் பேரை இங்கே எழுதவில்லை. அடையாறு கடலில் விழுகிற இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குப்பங்கள் இருக்கின்றன. நான் சொல்லப்போவது ஏதோ ஒரு குப்பத்தின் தனிக்குற்றமும் அல்ல.

கூழ் ஊத்துற அன்றைக்கு ஆயா வெறுங்கையோடு போகும். கூட நானும் போவேன். முதல் நாள் இரவே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்திருப்பார்கள். நொய் போட்டு அண்டா அண்டாவாகக் காய்ச்சி, தயிரும் சின்ன வெங்காயமும் கலந்து, வேப்பிலை கட்டிய பானைகளில் ஊற்றி அம்மன் முன்னால் வரிசையாக வைப்பார்கள். கூழுக்குத் தொட்டுக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைமணம். வாளைக் கருவாட்டைக் கத்திரிக்காயும் மொச்சையும் போட்டுக் குழம்பு வைத்திருப்பாள் ஒருத்தி. மாங்காய் போட்டு வைத்திருப்பாள் இன்னொருத்தி. சென்னாகுன்னித் தொக்கு, நெத்திலி வறுவல், பூண்டைத் தட்டிப் போட்ட சுறாப்புட்டு, முருங்கைக்கீரை. ராத்திரி கும்பம் போடுவார்கள். சோற்றை மலை மாதிரிக் குவித்து அதன்மேல் கருவாட்டுக் குழம்பை ஊற்றி அம்மனுக்குப் படையல். எங்கள் சாமி கவுச்சி தின்னும். அதில் சேரிக்கும் குப்பத்துக்கும் சண்டையே கிடையாது.

சண்டை வேறு இடத்தில் இருந்தது. பந்தலுக்குள்ளே எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்திருக்க, ஆயா பந்தல் காலுக்கு வெளியே குத்துக்கால் வைத்து உட்காரும். கையில் எங்க வீட்டுத் தூக்கு இருக்கும். குப்பத்து அக்கா ஒருத்தி சொம்பை உயரத் தூக்கி, தூக்கில் படாமல் ஊற்றுவாள். ஊற்றும்போது சிரிப்பாள். "தின்னு பெரீம்மா, இன்னும் ஊத்தட்டா?" என்று கேட்பாள். பாசத்தில் ஒரு குறையும் இல்லை. சொம்புக்கும் தூக்குக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அவ்வளவுதான்.

அந்த ஒரு சாண் எனக்கு அப்போது புரியவில்லை. கூழ் உயரத்திலிருந்து விழுந்தால் நுரை கட்டும், அதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

*

பள்ளிக்கூடத்தில்தான் மூக்கு என்றால் என்னவென்று கற்றுக்கொண்டேன். நான் படித்த பள்ளியின் பேர் வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள் சோற்று டப்பாவைத் திறந்தேன். நெத்திலிக் கருவாடு. டீச்சர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "யாருடி அது, கிளாஸே நாறுது" என்றார். ஜன்னல் ஓரமாகப் போய் உட்காரச் சொன்னார். அடுத்த நாளிலிருந்து அம்மாவிடம் அழுது, எலுமிச்சை சோறு கட்டிக்கொண்டு போனேன். அப்புறமும் ஜன்னல் ஓரம்தான். வாசனை டப்பாவிலிருந்து வரவில்லை என்று அவர்கள் முன்பே முடிவு செய்துவிட்டார்கள்.

ஏழாம் வகுப்பில் நடந்ததை இதுவரை நான் எங்கேயும் எழுதவில்லை. மேடையில் எத்தனையோ பேசியிருக்கிறேன், இதை மட்டும் பேசினதில்லை. மத்தியானம் மணி அடித்து வெளியே வருகிறோம். ஆயா கூடையோடு கேட்டில் நிற்கிறது. முந்தானையில் முடிந்த காசை எடுத்து வைத்திருக்கிறது. கட்டுரை நோட்டுக்கு நான் கேட்ட காசு. என்னோடு வந்தவள், "உங்க பாட்டியா?" என்றாள். நான் இல்லை என்று சொன்னேன். தலையைக்கூட ஆட்டினேன். ஆயா காதில் விழுந்தது. ஒரு நிமிசம் என்னைப் பார்த்தது. அப்புறம் யாரோ வாடிக்கைக்காரரைக் கேட்பதுபோல, "காரப்பொடி வேணுமா பாப்பா, பிரெஸ்சா கீது" என்று கேட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தது. சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது என் புத்தகப் பைக்குள் காசு இருந்தது. ஆயா ஒரு வார்த்தை கேட்கவில்லை. செத்துப்போகிற வரைக்கும் கேட்கவில்லை.

*

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது நெய்தல் திணை நடத்தினார்கள். நற்றிணையில் 45ஆவது பாட்டு. தோழி தலைவனிடம் பேசுகிறாள். இவள் கடலில் போய் மீன் கொண்டு வருகிற பரதவர் மகள். நீ கொடி பறக்கிற, தேர் ஓடுகிற ஊரில் செல்வர் வீட்டுப் பிள்ளை. சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை விரட்டுகிற எங்களுக்கு உன் அழகும் நலமும் எதற்கு? எங்கள் மேல் புலால் நாற்றம் அடிக்கிறது, தள்ளி நில். எங்களுக்கும் ஒரு நல்ல வாழ்க்கை உண்டு, எங்களிலும் உன்னைப்போல உயர்ந்தவர்கள் உண்டு என்று முடிக்கிறாள்.

வகுப்பில் இதைச் சேட்படுத்தல் என்று விளக்கினார்கள். தலைவனின் உறுதியைச் சோதிக்கத் தோழி அப்படி நடிக்கிறாளாம். தேர்வில் அப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஆனால் அந்தப் பாட்டை வாசிக்கிறபோதெல்லாம் பள்ளிக்கூட கேட்டில் கூடையோடு நின்ற ஆயாதான் எனக்குத் தெரிந்தது. பாட்டிலே தள்ளி நில் என்று சொல்கிறவள் மீன்காரி. தூரத்தைத் தீர்மானிக்கிறவள் அவள். பிற்பாடு வந்த ஈராயிரம் வருசத்தில் அந்தத் தீர்மானம் எப்போது கைமாறியது? நாற்றம் என்ற சொல்லே ஒரு காலத்தில் நறுமணத்துக்கும் பொது. அந்தச் சொல்லையும் கீழே இறக்கிவிட்டு, நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

மீன் விற்கிற பெண்கள் நடந்து போகிற ஊரின் பேர்களிலேயே இந்த மூக்கின் வரலாறு இருக்கிறது. பெசன்ட் நகர் கடற்கரையில் ஊரூர் குப்பம், அதை ஒட்டி ஆல்காட் குப்பம். கர்னல் ஆல்காட் 1894இல் அந்தப் பகுதியில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தவர். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் அவரோடு இலங்கைக்குப் போய்த்தான் பௌத்தம் ஏற்றுத் திரும்பினார். அதே பிரம்மஞான சபையின் தலைவராக அடுத்து வந்தவர் அன்னி பெசன்ட். அவர் 1909இல் தாழ்த்தப்பட்டவர்கள் முன்னேற்றம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்தப் பிள்ளைகளை மேல்சாதிப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைக்கக்கூடாது, தலைமுறை தலைமுறையாக உண்ட உணவாலும் குடியாலும் இவர்கள் உடம்பே நாறுகிறது, முதலில் சுத்தம் கற்கட்டும் என்பது அதன் சாரம். அண்ணல் அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட, காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்ற நூலில் அந்தக் கட்டுரையை எடுத்து நம் பார்வைக்கு வைத்திருக்கிறார்.

அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் டீச்சர் பெசன்ட் அம்மையாரைப் படித்திருக்க மாட்டார். படிக்காமலே அந்தக் கைக்குட்டை அவர் கைக்கு வந்து சேர்ந்திருந்தது.

*

2015 ஜனவரியில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் முதல் முறையாக விழா நடந்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயல்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து முன்னெடுத்தது. சபாவில் டிக்கெட் வாங்கிக் கேட்கிற கர்நாடக இசையும், பரதமும், நம் நாட்டார் கலைகளும் ஒரே மணலில், காசில்லாமல். தோழர்களோடு நானும் போயிருந்தேன். நல்ல முயற்சி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். மயிலாப்பூரையும் அடையாறையும் தாண்டாத கால்கள் அன்றைக்குக் குப்பத்து மணலில் நடந்தன.

ஆனாலும் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பாட்டு நடந்துகொண்டிருக்கிறது. எனக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையில் ஒரு அம்மா. கண்ணை மூடி ரசிக்கிறார், தொடையில் தாளம் போடுகிறார். காத்து திரும்பியது. வலையும் கருவாடும் காய்கிற திசையிலிருந்து அடித்தது. அவர் கண்ணைத் திறக்காமலே முந்தானை மூக்குக்குப் போனது. குப்பத்துக்கு வந்துவிட்டார், உட்கார்ந்தும்விட்டார். மூக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அது கடைசியாகத்தான் வரும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அது வந்து சேர்ந்ததை அதே வருசம் டிசம்பரில் பார்த்தேன்.

டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி அடையாறு ஏறியது. ஆத்தோரக் குடிசைகள் முதலில் போயின. மாமா வீட்டிலிருந்து ஆயாவைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாரிய வீட்டு மாடியில் வைத்தோம். விடிந்து பார்த்தால் தெரு ஆறாகிவிட்டது. கோட்டூர்புரத்தில் மாடி வீட்டுக்காரர், சேரிக்காரர் என்று தண்ணீர் பார்க்கவில்லை. கரண்டு இல்லை, போன் இல்லை. அப்போது வந்தது குப்பத்துப் படகு. வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து தெருவில் இறக்கிய பைபர் படகு. யாரும் கூப்பிடவில்லை, யாரும் காசு பேசவில்லை. இடுப்புத் தண்ணியில் இறங்கி ஆட்களைத் தூக்கித் தூக்கிப் படகில் வைத்தார்கள் அந்தப் பையன்கள்.

எங்களை ஏற்றிய படகில் பக்கத்துத் தெரு அடுக்குமாடிக் குடும்பம் ஒன்றும் இருந்தது. அந்த வீட்டம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். ஆயாவிடம் முப்பது வருசமாக மீன் வாங்குகிறவர். கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துத்தான் வாங்குவார். லிப்டு பக்கம் கூடையை வைக்காதே, நாத்தம் போகாது என்பார். இப்போது ஆயா தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகெல்லாம் மீன் வாடை. வலை வாடை. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. ஆயா படகு ஓரத்தைக் கையால் தடவி, விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, "மழைக்கு முன்ன நெத்திலி வாரிக்கிறானுங்க" என்றது. படகு ஓட்டினவன் சிரித்தான். அந்தம்மாவும் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார்.

வெள்ளம் வடிந்தது. எல்லாம் பழையபடி ஆனது. ஆத்தோரக் குடிசைகள் ஆக்கிரமிப்பு என்றார்கள். மாமா குடும்பத்தை ஊருக்கு வெளியே, பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு ஏற்றி அனுப்பினார்கள். ஆயாவும் கூடப் போனது. அங்கிருந்து விடியற்காலையில் எந்தக் கடலுக்கு நடக்க முடியும்? கூடையை ஆணியில் மாட்டிவிட்டு, இரண்டு வருசம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் செத்துப்போனது. சான்றிதழில் முதுமை என்று எழுதினார்கள்.

*

இப்போது நகரத்தில் உணவுத் திருவிழா பெருகிவிட்டது. மீன் உணவுத் திருவிழா என்று பதாகை கட்டுகிறார்கள். ஏ.சி. அரங்கில் சுறாப்புட்டு. நல்லதுதான், யாரும் தின்னட்டும். ஆனால் தட்டில் ஏறின மீன் வேறு, தலையில் ஏறின மீன் வேறு. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு மூதாட்டியை நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் நியாயம் கேட்டுக் கதறிய படம் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடைநீக்கம் ஆனார்கள். 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் சாலையில், தங்கள் வாசலில் மீன் விற்ற பெண்களின் கடைகளை ஆக்கிரமிப்பு என்று அகற்றினார்கள். பெண்கள் சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் நவீன மீன் அங்காடி திறந்து உள்ளே போகச் சொன்னார்கள். இதே கடற்கரையை அழகுபடுத்த 1985இல் கட்டுமரங்களை அகற்றப் போனபோது துப்பாக்கிச்சூடே நடந்திருக்கிறது. அழகுக்கு இடைஞ்சலாக இருப்பது எப்போதும் மீனவர் உடம்பும் சேரி உடம்பும்தான்.

மீனோடு நிற்கவில்லை இது. திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. ஆம்பூரில், மாட்டுக்கறி இல்லாமல்! நாம் கேட்டோம், எதிர்த்தோம். மழை என்று சொல்லித் திருவிழாவையே தள்ளி வைத்தார்கள். எங்க வீட்டிலிருந்து சுவர் தாண்டினால் ஐ.ஐ.டி. அங்கே 2017 மே மாதம் மாட்டிறைச்சி விருந்தில் கலந்துகொண்ட மாணவர் தாக்கப்பட்டார். 2018 டிசம்பரில் ஓர் உணவுக்கூடத்தில் சைவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது வெளியே தெரிந்தது. எதிர்ப்பு வந்ததும் அறிவிப்பு அகற்றப்பட்டது. அந்த வாசலை நினைத்த மனசை யார் அகற்றுவது?

ஊரையும் அரசையும் கேட்கிற நாம், பக்கத்தில் இருப்பவரையும் கேட்க வேண்டும். பட்டினவர் மிகவும் பிற்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கிறார்கள். மூக்கைப் பொத்துகிற ஊருக்கு அவர்களும் நாமும் ஒன்றுதான். ஆனால் கடலுக்குப் போகிற உரிமை என்று வரும்போது நாம் ஒன்றில்லை. பழவேற்காடு ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்கிற பழைய ஒழுங்கு. பங்கீடு என்கிற அளவில் அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தப் பங்கு பிறப்பால் வருவது. அதே ஏரியை நம்பி வாழ்கிற தலித்துகளும், கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களும் அதற்கு வெளியே நின்றார்கள். உரிமை கேட்டுப் போராட வேண்டியிருந்தது. ஏரியில் பாடு, பந்தலில் ஒரு சாண். இரண்டும் ஒரே அளவுகோல்தான்.

*

போன ஆடியில் பல வருசத்துக்கு அப்புறம் அந்தக் குப்பத்துக்குப் போனேன். அம்மா வரமாட்டேன் என்றது. "வெளிய குந்திக்கினு வாங்கித் தின்ன எனக்குத் தலையெழுத்தா?" என்றது. நான் சொன்னேன்: வாங்கித் தின்னப் போக வேண்டாம், நாம் கொண்டுபோய்க் கொடுப்போம். அம்மா என்னைப் பார்த்தது. அப்புறம் அடுப்பைப் பற்ற வைத்தது.

"உப்புக்கண்டம் கீது, அதையும் எத்துனு போலாமா?" என்று அம்மாவே கேட்டுவிட்டுச் சிரித்தது. "மொதல்ல கருவாடு உள்ள போவட்டும்மே. மாடு அப்புறமா வரும்."

ஆயாவின் கைப்பக்குவத்தில் வாளைக் கருவாட்டுக் குழம்பு. எண்ணெயில் பூண்டு நிறையப் போட்டு, புளியைக் கெட்டியாகக் கரைத்து, இறக்கும்போது மாங்காய். பாத்திரத்தைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு பேருந்தில் போனோம். ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தேன்.

பந்தலில் பழைய அக்கா உட்கார்ந்திருந்தார். சொம்பை உயரத் தூக்கி ஊற்றின அதே அக்கா. தலையெல்லாம் நரை. நான் யார் பேத்தி என்று சொன்னேன். இந்த முறை சத்தமாகச் சொன்னேன். அக்கா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோட்டூர்புரம் பெரீம்மா பேத்தியா? கெயவி போயிடிச்சா?" என்று அழுதார். பாத்திரத்தைப் பார்த்தார். சுற்றியிருந்தவர்களையும் ஒரு பார்வை பார்த்தார். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது.

அக்கா மூடியைத் திறந்தார். கூழ் குடித்துக்கொண்டிருந்த தன் பாத்திரத்திலேயே ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டார். நக்கிப் பார்த்துவிட்டு, "புளி தூக்கல்டி. கெயவி இவ்ளோ போடாது" என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கம்மா வச்ச அளவுதான் நானும் வச்சேன்" என்றது. இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். நான் பார்த்ததில் இவ்வளவு நல்ல சண்டை கிடையாது. இளவட்டப் பெண்கள் நாலைந்து பேர் வந்து வாங்கித் தின்றார்கள். இரண்டு பெரியவர்கள் எழுந்து வேறு பக்கம் போனார்கள். அதையும் பார்த்தேன்.

ராத்திரி கும்பம் போடும்போது எங்கள் பாத்திரம் அம்மனுக்கு முன்னால் போகவில்லை. ஓரமாக, பந்தல் காலுக்கு உள்பக்கம் இருந்தது. ஒருவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஒருவர் எடுத்து வைக்கவும் இல்லை. அக்காவைப் பார்த்தேன். அவர் மண்ணைப் பார்த்தார்.

கிளம்பும்போது பாத்திரம் திரும்பி வந்தது. வெறும் பாத்திரமாகத் தரக்கூடாது என்று உள்ளே இரண்டு கை நெத்திலிக் கருவாடு போட்டிருந்தார் அக்கா. அடியில் எங்கள் குழம்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைக் கழுவாமல் அதன்மேலேயே போட்டிருந்தார். அம்மா அதைப் பேருந்து முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தது.

பந்தலுக்கு வெளியே உட்கார்ந்த ஆயாவின் இடத்திலிருந்து பந்தல் காலுக்கு உள்ளே வந்துசேர ஒரு பாத்திரத்துக்கு இருபத்தைந்து வருசம் ஆகியிருக்கிறது. அங்கிருந்து அம்மன் முன்னால் போக இன்னும் பத்தடி இருக்கிறது. வருகிற ஆடிக்கும் போவோம். அக்காவிடம் நேராகவே கேட்பேன். புளி குறைவாகப் போடச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா கேட்காது.